வேதாளத்தின் வினாவும் ஒன்பது கட்டங்களும்

சென்னை வடபழனியில் இன்று பேரங்காடியும் மருத்துவமனையும் நிற்கும் நிலப்பரப்பில் ஒருகாலத்தில் விஜயா வாகினி படப்பிடிப்புத் தளங்கள் இருந்தன. அத்தளங்களை நடத்திய பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய சிறுவர் மாத இதழ்தான் அம்புலிமாமா. வடபழனி முகவரியிலிருந்து பல்லாண்டுகள் வெளிவந்த அவ்விதழ் மந்திரவாதிகளையும் பூதங்களையும் அரக்கர்களையும் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அவ்வீடுகளில் முஸ்லிம் வீடுகளும் உண்டு. மதரஸாவில் ஓதிவிட்டு வந்த பிள்ளைகள் விக்கிரமாதித்தன் கதையைப் படித்தார்கள் என்பதற்கு நம் தலைமுறையினரே சாட்சி.

அண்மையில் அதே வடபழனியில் உறவினர் இல்லம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். கல்லூரியில் பயிலும் இளைஞர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்ந்து, இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டிக்கொண்டிருந்தனர். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் அமெரிக்க விளையாட்டு அது. ஒருவர் கதை நடத்துகிறார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரமாகவே பேசி, முடிவெடுத்து, கதையை நகர்த்துகின்றனர். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தைப் பற்றிய படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். பெயர், குலம், தொழில், வலிமை எனச் செல்லும் அப்படிவத்தில், பாத்திரம் நல்லவனா தீயவனா என்று குறிக்க ஓர் இடம் உண்டு. திருடன் வேடம் ஏற்ற இளைஞர் அவ்விடத்தில் எழுதத் தயங்கிக்கொண்டிருந்தார்.

"அவன் இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே தம்பி, அதற்குள் என்ன எழுதுவது?" என்று கேட்டோம்.

"விதி அப்படித்தான் மாமா. முதலில் எழுதிவிட வேண்டும், பிறகு அதற்கேற்ப நடக்க வேண்டும்" என்றார்.

இந்த மறுமொழியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. செயலுக்கு முன்னரே ஒருவனை நல்லவன் என்றும் தீயவன் என்றும் வரையறுத்துவிட இயலுமா? விளையாட்டைப் பற்றிய வினா போல் தோன்றினும், மனிதரைப் பற்றிய வினா இது.

முதலில் அவ்விளையாட்டின் விதியைச் சற்று விளக்க வேண்டும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974இல் இதனை வெளியிட்டபோது ஒழுங்கு, நடுநிலை, குலைவு என்னும் மூன்று சார்புகளே இருந்தன. நன்மை தீமை என்னும் மற்றோர் அச்சு 1977இல் சேர்ந்தது. 1978இல் வெளிவந்த ஆட்டக்காரர் விதிநூலில் இவ்விரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக இணைத்து ஒன்பது கட்டங்கள் வகுக்கப்பட்டன. ஒழுங்குடைய நல்லவன் ஒரு மூலையில். ஒழுங்கற்ற தீயவன் எதிர்மூலையில். அறவே எதிலும் சாராதவன் நடுவில். மனித ஒழுக்கத்தை ஒன்பது அறைகள் கொண்ட அலமாரியாக்கிய இம்முயற்சியில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. சட்டத்தை மதிப்பது வேறு, நன்மை செய்வது வேறு என்று பதின்ம வயதினர்க்கு இவ்வளவு எளிதாகச் சொல்லிக்கொடுத்த பாடநூல் வேறு உண்டா என்று தெரியவில்லை. அநீதியான அரசனுக்கு உண்மையாக உழைக்கும் அதிகாரி எந்தக் கட்டத்தில் நிற்பான் என்று அவ்விளைஞர்கள் தர்க்கித்ததை நாமே கேட்டோம். தரமான தர்க்கம் அது.

ஆனால் அந்த அலமாரிக்கு மூன்று பழுதுகள் இருந்தன. ஓர்க், கோப்ளின் முதலிய குலங்கள் பிறப்பாலேயே தீய கட்டத்தில் வைக்கப்பட்டன. இன்ன தொழிலுக்கு இன்ன கட்டம் என்றும் வரம்பிடப்பட்டது: அந்த 1978 நூலின்படி கொலையாளி தீயவனாகவே இருக்க வேண்டும், திருடன் ஒழுங்குடைய நல்லவனாக இருக்கவே முடியாது. மூன்றாவதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. ஒரு பாத்திரம் தன் கட்டத்தை விட்டு வேறு கட்டத்துக்கு மாறினால், அதுவரை ஈட்டிய தகுதிநிலையில் ஒன்றை இழக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் நடத்துநர் நூல் விதித்தது. தீயவன் நல்லவனாக மாறினாலும் இதே தண்டம்தான். தவ்பாவுக்கு அபராதம் விதித்த சட்டம் இது! வழிப்பறிக் கொள்ளையராக வாழ்ந்து, இறைவசனம் ஒன்று செவியில் விழுந்த இரவில் திருந்தி, ஹரமின் வணக்கசாலி எனப் பெயர்பெற்ற ஃபுழைல் இப்னு இயாழ் (ரஹ்) அவர்களை இவ்விதிக்குள் வைத்துப் பார்ப்போம். அவர் அன்றிரவே ஒரு படி கீழிறங்கியிருக்க வேண்டும்.

இனி வடபழனிக்குத் திரும்புவோம். அம்புலிமாமாவின் வேதாளக் கதைகள் சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் இடம்பெற்ற பழந்தொகுதியிலிருந்து கிளைத்தவை. பழங்கதைகள் இருபத்தைந்தும் தீர்ந்த பின்னரும் ஆசிரியர் குழு அதே சட்டகத்துள் புதுக்கதைகளை இட்டு மாதந்தோறும் தொடர்ந்தது. தோளில் பிணம், கையில் வாள், இருண்ட காடு எனச் சங்கர் வரைந்த ஓவியம் தமிழர் நினைவில் நிலைத்துவிட்டது. 1952இல் அவ்விதழில் சேர்ந்த அவர் 2020இல் மறைந்தார். மறுஆண்டு அவர் பெயருக்குப் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. அந்தச் சட்டகத்தின் இயல்பைக் கவனிக்க வேண்டும். வேதாளம் முதலில் கதையைச் சொல்கிறது. மாந்தர் அனைவரும் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கின்றனர். அதன் பின்னரே வினா வருகிறது: இவர்களுள் உயர்ந்தவர் யார்? விடை தெரிந்தும் சொல்லாதிருந்தால் தலை சுக்குநூறாகும். சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். தீர்ப்புச் சொல்வது கடமை. ஆயின் தீர்ப்புச் சொன்னவனுக்கு அதனால் பயணம் முடிவதில்லை.

பழந்தொகுதியில் மதனசேனை என்பவளின் கதை ஒன்றுண்டு. மணநாளுக்கு முன் தன்னை விரும்பிய ஒருவனுக்கு, ஒருமுறை வந்து சந்திப்பதாக அவள் வாக்களித்துவிடுகிறாள். மணந்தவனிடம் அதனைச் சொல்ல, அவன் போய்வா என்கிறான். வழியில் திருடன் ஒருவன் மறிக்கிறான். அவள் நிலையைக் கேட்டு, திரும்பிவரும் உறுதியைப் பெற்று விட்டுவிடுகிறான். விரும்பியவனோ, பிறன் மனைவி என்று அவளைத் தீண்டாது அனுப்புகிறான். திரும்பும் வழியில் திருடனும் அவளை நகையோடு வீட்டுக்கு அனுப்பிவைக்கிறான். மூவருள் பெருந்தன்மையுடையவர் யார்? திருடனே என்பது மன்னனின் விடை. மனம் வேறிடத்தில் இருப்பவளைக் கணவன் விட்டது வியப்பன்று. மற்றவனுக்கு அரச தண்டனையின் அச்சம் இருந்தது. யாரும் காணாத இருளில், களவையே தொழிலாகக் கொண்டவன், கைக்கு எட்டியதை விட்டதற்குப் புறக்காரணம் ஏதுமில்லை என்று அவன் விளக்குகிறான்.

மன்னனின் விடையை நாம் முழுவதும் ஏற்கிறோம் என்பதல்ல. கணவனின் உள்ளத்தை அவன் அவ்வளவு எளிதாகத் தள்ளியிருக்க வேண்டியதில்லை. ஆயினும் அவன் அளந்த முறை நமக்கு மிக நெருக்கமானது. அவன் குலத்தையும் தொழிலையும் பார்க்கவில்லை, செயலைப் பார்த்தான், செயலின் பின்னுள்ள நிய்யத்தைத் தேடினான். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன என்னும் நபிமொழியைக் கொண்டு ஸஹீஹுல் புகாரி தொடங்குவதை அறிந்த வாசகர்க்கு இதில் அந்நியம் ஏதும் தோன்றாது. 1978ஆம் ஆண்டின் விதிநூலிலோ, அத்திருடனுக்கு உயர்ந்த மூலையில் இடமே இல்லை.

வினாவெழுப்பி அறிவைச் சோதிக்கும் இம்முறை தமிழ் முஸ்லிம் இலக்கியத்துக்கும் பழையது. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் மதுரையில் அரங்கேற்றிய ஆயிர மசலா, நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் முதன்மையானது. அது முழுவதும் வினாவும் விடையுமே. நூறு மசலாவிலோ இளவரசி ஒருத்தி தன்னை மணக்க வருபவனிடம் வினாக்களைத் தொடுக்கிறாள். மார்க்கமும் விடுகதையும் கலந்த அந்நூல் மக்களிடையே பரவலாக வழங்கியது. வேதாளத்தின் காட்டுக்கும் இந்த மசலாக்களின் அவைக்கும் தூரம் அதிகமில்லை.

பாத்திரத்தை ஏற்று நடிப்பதற்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரால் அமைந்த நொண்டி நாடகத்தைச் சொல்கிறோம். அதன் நாயகன் ஒரு திருடன். களவுக்குத் தண்டனையாகக் கால் இழந்தவன், வள்ளலின் ஆதரவைப் பெற்று, இஸ்லாத்தைத் தழுவி, மக்கா சென்று இழந்த உறுப்பை மீளப் பெறுகிறான். தன் தீச்செயல்களைத் தன் வாயாலேயே, எள்ளலோடும் கூச்சமின்றியும், அவன் சொல்லிக்கொண்டு போகிறான். ஒரு காலை மடக்கிக் கட்டிக்கொண்டு ஆடும் நடிகன் அன்றிரவு முழுவதும் தீயவனாகவே இருக்கிறான், விடியுமுன் வேறொருவனாகிவிடுகிறான். அந்த அற்புத முடிவு இன்றைய வாசகருக்கு எளிமையானதாகத் தோன்றலாம். ஆனால் நாடகத்தின் கட்டமைப்பே மாற்றத்தின் மேல் நிற்கிறது. மாற்றத்துக்குத் தண்டம் இல்லை, கால் கிடைக்கிறது.

குணம் என்றால் என்ன என்பதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஆராய்கிறார். உள்ளத்தில் வேரூன்றிய ஒரு நிலையே குலுக். அதிலிருந்து செயல்கள் சிரமமின்றி, யோசனையின்றி வெளிப்படுகின்றன என்பது அவர் தரும் வரையறையின் சாரம். ஒருமுறை வாரி வழங்கியவன் வள்ளலாகிவிடுவதில்லை. வழங்க எண்ணியும் பொருளின்றி நிற்பவன் உலோபியும் அல்லன். இந்த அளவில், நிலைத்த ஒரு சார்பு மனிதனுக்கு உண்டு என்று சொல்லும் விளையாட்டு விதிக்கு இமாம் அவர்கள் எதிரியல்லர் என்றே சொல்ல வேண்டும். பிரிவது அடுத்த அடியில். குணத்தை மாற்றவே முடியாது என்போரை அவர் வன்மையாக மறுக்கிறார்: மாற முடியாதெனில் உபதேசத்துக்கும் பயிற்சிக்கும் என்ன பொருள்? மிருகங்களையே பழக்க முடியும்போது மனிதனைப் பழக்க முடியாதா? தீமையை ஏவும் நஃப்ஸ், தன்னையே பழிக்கும் நஃப்ஸ், அமைதியுற்ற நஃப்ஸ் எனத் திருக்குர்ஆன் காட்டும் மூன்றும் மூன்று வகை மனிதர்க்கு ஒட்டிய முத்திரைகளல்ல. ஒரே மனிதன் கடக்கும் நிலைகள் என்றே ஆன்மிகப் பெரியார்கள் விளக்கினர்.

குலத்தைக் கொண்டு தீமையை வரையறுப்பதற்கும் இங்கே விடையிருக்கிறது. கற்பனைக் கதைகளின் பூதங்களுக்கு நம் மரபில் நிகரானவை ஜின்கள். அவற்றுள்ளும் நல்லோர் உண்டு, அல்லாதோரும் உண்டு என்று ஜின்களின் வாயாலேயே சூரத்துல் ஜின் சொல்லவைக்கிறது. இப்லீஸும் ஜின் இனத்தவன் என்பது சூரத்துல் கஹ்ஃபின் செய்தி. ஆனால் அவனை வீழ்த்தியது அவன் இனமன்று, அவன் பெருமை. நெருப்பால் படைக்கப்பட்டவன் மண்ணால் படைக்கப்பட்டவனுக்குப் பணிவதா என்று குலத்தை எடுத்துப் பேசியவன் அவன்தான் என்பதை இங்கு நினைவூட்டுவது பொருத்தம்.

இதனாலோ என்னவோ, அரபுக் கதைகளை அடியொற்றி 1992இல் ஜெஃப் கிரப் முதலானோர் அதே விளையாட்டுக்காக 'அல் காதிம்' என்னும் கற்பனை உலகை அமைத்தபோது, பிறவித் தீமை என்னும் விதி அங்கே தளர்ந்துவிட்டது. அவ்வுலகில் ஓர்க்கும் கோப்ளினும் மனிதரோடு ஒரே நகரில், ஒரே கடைத்தெருவில் வாழ்கின்றன. ஆயிரத்தொரு இரவுகளின் மண்ணில் அவ்விதி வேர்பிடிக்கவில்லை என்று மகிழலாம். மகிழ்ச்சி முழுமையானதன்று. பாலைவனமும் குவிமாடமும் விருந்தோம்பலும் கடனாகப் பெறப்பட்டன. தவ்ஹீத் மட்டும் வாசலிலேயே நிறுத்தப்பட்டு, அதனிடத்தில் தெய்வங்களின் பட்டியல் ஒன்று வைக்கப்பட்டது. உடையை எடுத்துக்கொண்டு உடலை விட்டுவிட்ட கதை.

மூல விளையாட்டும் பின்னாளில் திருந்தியது. தீமை செய்வதே ஓர் இனத்தின் இயல்பு எனச் சித்திரித்தமை மெய்யுலகில் மனித இனங்கள் இழிவுபடுத்தப்பட்ட முறையை ஒத்திருந்தது என்று பதிப்பாளர்களே 2020இல் ஏற்றனர். 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே சார்புநிலை வெறும் குறிப்பாகச் சுருங்கியிருந்தது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் மனித இனங்களைக் குறிக்கும் சொல்லே கைவிடப்பட்டு உயிரினவகை என்று பொருள்படும் சொல் வந்தது. ஐம்பதாண்டு ஆயிற்று.

வடபழனிப் படவுலகம் இதனை எப்படிக் கையாண்டது? நாகிரெட்டியும் சக்கரபாணியும் தயாரித்து, கே.வி. ரெட்டி இயக்கிய பாதாள பைரவி 1951இல் வந்தது. அலாவுதீன் கதையின் சாயல் அதில் உண்டு. அலாவுதீன் கதை சீனத்தில் நடப்பதாகச் சொல்லப்படும். தீய மந்திரவாதி மக்ரிபிலிருந்து, அதாவது உலகின் மறுகோடியிலிருந்து வருவான். உஜ்ஜயினியில் நடக்கும் பாதாள பைரவியில் அவன் நேபாளத்திலிருந்து வந்தான். ஊர் மாறினாலும் தீமை வெளியூரிலிருந்தே வர வேண்டும் என்பதில் கதைசொல்லிகளுக்குள் ஓர் உடன்பாடு. அந்த மந்திரவாதியாக அச்சுறுத்திய எஸ்.வி. ரங்காராவையே ஆறு ஆண்டுகள் கழித்து, 1957இல், அதே நிறுவனமும் அதே இயக்குநரும் மாயாபஜாரில் கடோத்கஜனாக்கினர். அரக்கன்தான், ஆனால் அப்படத்தில் அன்பும் நேர்மையும் குறும்பும் ஒருங்கே உடையவன் அவனே. பிறப்பால் அரக்கனை நல்லவனாக ஏற்கத் தமிழ்ப் பார்வையாளர் தயங்கவில்லை.

பின்வந்த காலம் அந்தத் தாராளத்தைக் காக்கவில்லை. 1990களுக்குப் பின்வந்த பல படங்களில் தாடியும் தொப்பியும் தொழுகைப் பாயும் வெடிகுண்டுக்கு முன்னறிவிப்பாயின. 2013இல் விஸ்வரூபம் எழுப்பிய பூசல் நாமறிந்தது. அப்பூசலில் தடை கோரியது சரியா என்பதில் நமக்கே மாற்றுக் கருத்து உண்டு. ஆனால் எதிர்ப்பின் அடியில் இருந்த வலி நியாயமானது. ஒரு பாத்திரம் வாய் திறக்குமுன்னரே, அவன் பெயரைக் கொண்டும் உடையைக் கொண்டும் கட்டம் நிரப்பப்பட்டுவிடுகிறது. அவ்விளைஞரின் படிவத்தைக் கண்டு நாம் துணுக்குற்றதும் இதனால்தான் போலும்.

பிறரைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. ஐந்து படைப்போர் முதலிய நம் போர்க்காவியங்களில் எதிரணி மன்னர் எப்படி வருகின்றனர்? மலையுருவும் மாயமும் மூர்க்கமும் கொண்டவராக, வெட்டுண்பதற்கென்றே பிறந்தவராக. ஓசையின்பத்திலும் கற்பனையிலும் குறைவில்லாத அந்நூல்கள், எதிரியின் உள்ளத்துள் நுழைவதில்லை. அந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நம் முன்னோரை நாம் குறைகூறவில்லை. ஆனால் அவை ஓர்க்குகளைப் போல் எழுதப்பட்டவை என்று இன்றாவது சொல்லிவிட வேண்டும். உமறுப் புலவர் வேறுவகை. சீறாப்புராணத்தில் ஹஸ்ரத் உமர் (ரலி) ஈமான் கொண்ட வரலாற்றுக்குத் தனிப்படலமே வகுத்தார். நபி (ஸல்) அவர்களைக் கொல்லும் எண்ணத்தோடு வாளேந்திப் புறப்பட்ட அந்தக் காலையில் அவர் படிவத்தை யாரேனும் நிரப்பியிருந்தால் எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பர்? உஹதில் எதிரணியில் நின்ற காலித் இப்னு வலீத் (ரலி), ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷி (ரலி) ஆகியோர் வரலாறும் அத்தகையதே. இவை வரலாறு, ஆயினும் காவியப் புலவன் இவற்றிலிருந்து கற்றிருக்கலாம்.

மறுபுறம், இவ்விளையாட்டையே ஷைத்தானிய வழிபாடு என்று 1980களில் அமெரிக்கக் கிறிஸ்தவக் குழுக்கள் சில பரப்புரை செய்தன. அதற்கு அஞ்சியோ என்னவோ, 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் பேய்களைக் குறிக்கும் வழக்கமான சொற்களே நீக்கப்பட்டுப் புதுப்பெயர்கள் புனையப்பட்டன. அந்தப் பீதியை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை. தீயவனாக ஒரு மாலைப்பொழுது பேசிப்பார்ப்பதால் ஒருவன் தீயவனாகிவிடுவதில்லை என்பதற்கு நொண்டி நாடகம் ஆடியவர்களே சான்று. பகடையைப் பற்றிய ஃபிக்ஹு வினா வேறு: நர்து பற்றிய ஹதீஸ்களையும், சிந்தனையை நம்பிய சதுரங்கத்தையும் தற்செயலை நம்பிய பகடையையும் வேறுபடுத்திய ஷாஃபிஈ அறிஞர்களின் நிலையையும் அவ்விளைஞர்கள் ஆலிம்களிடம் கேட்டறியட்டும் என்று சொல்லி வந்தோம். பந்தயம் இல்லாவிட்டாலும் அவ்வினா எழும். அதனை இங்குத் தீர்க்கும் தகுதி நமக்கில்லை.

திறனாய்வு நோக்கில் பகடை நமக்கு வேறொன்றை நினைவூட்டுகிறது. நம் நாட்டுப் பரமபதமும் நன்மை தீமை பற்றிய பலகை விளையாட்டுதான். இப்னு அரபி (ரஹ்) பெயரால் வழங்கும் 'ஷத்ரஞ்சுல் ஆரிஃபீன்' என்னும் சூஃபிப் பலகையும் அதன் உறவே. ஏணிகள் உயர்த்த, பாம்புகள் வீழ்த்த, ஆன்மாவின் நிலைகளைக் கடந்து மேலேறுவது அதன் அமைப்பு. அங்கே கட்டங்கள் உண்டு. ஆனால் எவரும் ஒரு கட்டத்தில் குடியிருப்பதில்லை. உச்சிக்கு ஒரு கட்டம் முன்னே பாம்பு இருக்கலாம். அடிமட்டத்தில் ஏணி இருக்கலாம். காய் நகர்வது பகடையால், சொந்தத் தெரிவால் அன்று என்பது அப்பலகையின் குறை. தெரிவு முழுவதும் ஆட்டக்காரனிடம் இருந்தும் அவனைக் கட்டத்துள் பூட்டியது அமெரிக்க விளையாட்டின் பழைய விதியின் குறை.

அந்த வடபழனி இளைஞர்களுக்கு மதனசேனையின் கதையைச் சொன்னோம். திருடன் வேடம் ஏற்றவர் எழுதுகோலை மூடிவைத்தார். ஆட்டம் முடிந்தபின் மற்ற நால்வரும் சேர்ந்து தன் படிவத்தில் அவ்விடத்தை நிரப்பட்டும் என்றார். கதை நடத்துபவர் அதற்கு எளிதில் இணங்கவில்லை. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை வழக்கு நடந்தது.